ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் எப்படி நகர்கின்றன? செல் சமிக்ஞை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோதீலியச் செல்கள் என்பவை எவை? சுவரில் ஒட்டியிருக்கும் செல் எதற்காக நகர வேண்டும்?

இதயம், தமனி, சிரை, தந்துகி என்று ரத்தம் ஓடும் எல்லா இடங்களிலும் உள்பக்கத்தை ஒரே ஓர் அடுக்குச் செல்கள் மூடியிருக்கின்றன. இவைதான் எண்டோதீலியச் செல்கள். பெரிய தமனியில் இவற்றைச் சுற்றித் தசை அடுக்குகள் இருக்கும். தந்துகியில் அதெல்லாம் கிடையாது. இந்தச் செல், அதைத் தாங்கும் மெல்லிய அடித்தளப் படலம், வெளியிலிருந்து அணைத்திருக்கும் பெரிசைட் செல்கள், அவ்வளவுதான் சுவர்.

வளர்ந்த மனிதரின் உடலில் இந்தச் செல்களில் பெரும்பாலானவை நகராமல், இரண்டாகப் பிரிந்து பெருகாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும். ஆனால் காயம் ஆறும்போது, மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையின் உள்படலம் மறுபடி வளரும்போது, கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி உருவாகும்போது, தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவரின் தசையில் தந்துகிகள் கூடும்போது, இதே செல்கள் கிளம்பிவிடுகின்றன. ஏற்கெனவே உள்ள குழாயிலிருந்து புதுக் கிளை முளைப்பதை ஆஞ்சியோஜெனிசிஸ் என்கிறோம். அதில் முதலில் நடப்பது செல்லின் நகர்வு.

கிளம்பு என்று முதலில் சொல்வது யார்?

ரத்தக்குழாய் தானாக முடிவெடுப்பதில்லை. ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் திசுதான் கேட்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு எப்போது படித்தாலும் வியப்பு தருவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் செல்கள் எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை இடைவிடாமல் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் ஒரு நொதி அதே ஆக்சிஜனைப் பயன்படுத்தி இந்தப் புரதத்தின் மீது ஓர் அடையாளம் வைக்கும். அந்த அடையாளத்தை வி.எச்.எல் என்ற இன்னொரு புரதம் கண்டுபிடித்து, சில நிமிடங்களில் அழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் வைக்க முடியாது. புரதம் அழியாமல் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களை இயக்கும். இந்த வழியைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இயங்கும் மரபணுக்களில் நமக்கு முக்கியமானது, திசு வெளியே சுரக்கும் வி.இ.ஜி.எஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தின் மரபணு. 1983இல் டொனால்ட் செங்கர், ஹரோல்ட் துவோராக் குழு இதை ரத்தக்குழாயைக் கசியவைக்கும் பொருளாகத்தான் முதலில் கண்டது. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா குழு, எண்டோதீலியச் செல்களை வளரவைக்கும் காரணியாக இதைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒரே பொருள்தான் என்று பின்னால் தெரிந்தது. எலிக் கருவில் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும், ரத்தக்குழாய்கள் சரியாக அமையாமல் கரு இறந்துவிடுகிறது. அளவு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்.

வி.இ.ஜி.எஃப் எங்கும் பரவிவிடாதா? எந்தப் பக்கம் போவது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

எங்கும் ஒரே அளவில் பரவினால் செல்லுக்குத் திசையே தெரியாது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வைத்தான் செல் படிக்கிறது.

இதைக் காப்பாற்றுவது செல்களுக்கு இடையில் இருக்கும் ஹெபரான் சல்பேட் இழைகள். வி.இ.ஜி.எஃப் ஒரே நீளத்தில் வருவதில்லை. மனிதரில் 121, 165, 189 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவங்கள் முக்கியமானவை. மிகக் குட்டையானது இழைகளில் ஒட்டாமல் தூரமாகப் பரவும். மிக நீளமானது சுரந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 165 இரண்டுக்கும் நடுவில். குட்டை வடிவத்தை மட்டும் தயாரிக்கும் எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, குழாய்கள் அகலமாகி, கிளைகள் குறைந்துவிட்டன. செல்களுக்கு சமிக்ஞை கிடைக்காமல் இல்லை, திசைதான் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் ஒருவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எவ்வளவு சமிக்ஞை என்பதைவிட அது எங்கே இருக்கிறது, எப்போது நிற்கிறது என்பதே நகர்வைத் தீர்மானிக்கிறது.

எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால் குழாய் கலைந்துவிடாதா?

கலைந்துவிடும். அதனால்தான் சில செல்கள் மட்டும் முன்னால் போகின்றன, மற்றவை பின்தொடர்கின்றன. முன்னால் போவதை நுனிச் செல் என்றும் பின்னால் வருவதைத் தண்டுச் செல் என்றும் சொல்கிறார்கள். (ஸ்டெம் செல்லையும் தமிழில் தண்டுச் செல் என்பார்கள். இங்கே பேசுவது அது அல்ல.)

பிறந்த எலிக்குட்டியின் விழித்திரையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பிறக்கும்போது அங்கே ரத்தக்குழாய்களே கிட்டத்தட்ட இல்லை. முதல் வாரத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வலை விரிந்துகொண்டே போகும். விழித்திரையைத் தட்டையாக விரித்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், வலையின் முன்விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு நுனிச் செல்லிலிருந்தும் மிக மெல்லிய இழைகள் பல, குழாய் இன்னும் போகாத பக்கமாக நீண்டிருக்கும். ஃபிலோபோடியா எனப்படும் இந்த இழைகள் வழியாகத்தான் செல் வி.இ.ஜி.எஃப் எங்கே அதிகம் என்று தேடுகிறது. பின்னால் வரும் தண்டுச் செல்களில் இந்த இழைகள் அரிது. அவை பிரிந்து எண்ணிக்கையில் பெருகி, குழாயின் உள்வெளியை அமைக்கின்றன. ஹோல்கர் கெர்ஹார்ட், கிறிஸ்டர் பெட்ஷோல்ட்ஸ் குழு 2003இல் இந்தப் பிரிவினையை விளக்கியது.

அப்புறம் யார் நுனி, யார் தண்டு என்பது எப்படி முடிவாகிறது? அக்கம்பக்கத்துச் செல்கள் தங்களுக்குள் போட்டி போட்டு முடிவெடுக்கின்றன. வி.இ.ஜி.எஃப் சற்று அதிகமாகக் கிடைத்த செல், தன் மேற்பரப்பில் டி.எல்.எல்-4 என்ற புரதத்தைக் கூட்டுகிறது. அது பக்கத்துச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் (ஏற்பி என்பது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் மேற்பரப்புப் புரதம்) தொட்டதும், அந்தப் பக்கத்துச் செல் தன் வி.இ.ஜி.எஃப் ஏற்பி-2ஐக் குறைத்துக்கொள்கிறது. குறைந்ததும் அதற்கு சமிக்ஞை மேலும் மங்கும், தண்டாகவே தங்கிவிடும். இந்த நாட்ச் வழியை மருந்தால் தடுத்தால் எல்லாச் செல்களும் நுனியாகப் பார்க்கும். வலை அளவுக்கு மீறி அடர்ந்துபோகும், ஆனால் ரத்தம் ஒழுங்காக ஓடாது.

இந்தப் பதவி நிரந்தரமும் அல்ல. பின்னால் இருந்த செல் முன்னால் ஏறி நுனியைப் பிடிப்பதும், நுனியில் இருந்தது பின்தங்குவதும் தொடர்ந்து நடக்கிறது.

வி.இ.ஜி.எஃப் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

வி.இ.ஜி.எஃப் இரட்டையாகப் பிணைந்த மூலக்கூறு. அது இரண்டு ஏற்பிகளை ஒன்றாக இழுத்துச் சேர்க்கும். சேர்ந்த ஏற்பிகளின் உள்முனைகள் ஒன்றன் டைரோசின் எனும் அமினோ அமிலங்களில் மற்றது பாஸ்பேட்டை ஏற்றும். பாஸ்பேட் ஏறிய ஒவ்வோர் இடமும் ஒரு குறிப்பிட்ட புரதம் வந்து பொருந்தும் இடமாகிறது. ஏற்பி-2இல் மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

951ஆவது டைரோசினில் டி.எஸ்.ஏ.டி என்ற இணைப்புப் புரதம் பொருந்தி, சார்க் கைனேஸைக் (கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) கொண்டுவருகிறது. இது செல்களுக்கு இடையிலான பிடியைத் தளர்த்துவதிலும் செல்லின் உள் சட்டமான ஆக்டின் இழைகளை மாற்றியமைப்பதிலும் பங்கெடுக்கிறது. 1175ஆவது இடம் மிக முக்கியமானது. பி.எல்.சி காமா இங்கே வந்தால் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, ஈ.ஆர்.கே பாதை இயங்கிச் செல் பிரிதலுக்குத் தயாராகிறது. அதே இடத்தில் எஸ்.எச்.பி என்ற புரதம் பொருந்தினால் பி.ஐ-3 கைனேஸ் கிளம்பி, ரேக், ஏ.கே.டி ஆகிய புரதங்களை இயக்குகிறது. எலியில் இதற்கு இணையான டைரோசின் ஒன்றை மட்டும் மாற்றினாலே, ஏற்பியே இல்லாத கருவைப் போல அந்தக் கரு இறந்துபோகிறது. மூன்றாவது, 1214. இது பி-38 வழியாக எச்.எஸ்.பி-27 என்ற புரதத்தை எட்டி, ஆக்டின் இழைகள் நீள உதவுகிறது.

இதெல்லாம் செல்லின் மேற்பரப்பிலேயே முடிவதில்லை. ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு, சிறு பைகளுக்குள் இருந்தபடியே சமிக்ஞையைத் தொடர்கிறது. உள்ளே போகவிடாமல் தடுத்தால், வெளியே வி.இ.ஜி.எஃப் எவ்வளவு இருந்தாலும் சில பாதைகள் பலவீனமாகிவிடுகின்றன.

சரி, சமிக்ஞை எப்படி உண்மையான நகர்வாக மாறுகிறது?

அட்டை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நீண்டு, முன்முனையைப் பதித்து, உடலை இழுத்து, பின்முனையை விடுவிக்கும். செல்லும் இந்த நான்கையும்தான் செய்கிறது. ஆனால் செல்லில் நான்கும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நேரத்தில் நடக்கும்.

நீள்வதற்கு ஆக்டின் வேண்டும். சிடிசி-42 என்ற சிறு புரதம் இயங்கினால் ஃபிலோபோடியா இழைகள் நீளும். ரேக் இயங்கினால் ஆர்ப்-2/3 என்ற புரதக் கூட்டு கிளை கிளையாக ஆக்டினை வளர்த்து, லாமெல்லிபோடியா எனும் அகன்ற தட்டையான விளிம்பை முன்னே தள்ளும். மூன்றாவது உறவினர் ரோ. இது ரோ கைனேஸ் வழியாக இழுக்கும் புரதமான மயோசினை இயக்கி, ஆக்டின் கற்றைகளைச் சுருங்கவைக்கிறது. இப்படித்தான் உடல் இழுபடுகிறது. இந்த மூன்றும், மூன்று பாஸ்பேட் கொண்ட குவானோசின் ட்ரைபாஸ்பேட் (GTP) ஏறினால் இயங்கும், அது உடைந்து இரண்டு பாஸ்பேட்டாகக் குறைந்தால் ஓயும் சுவிட்ச் வகைப் புரதங்கள்.  

பலர் ரேக் நல்லது, ரோ கெட்டது என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். அது தவறான படம். முன்விளிம்பில் ரேக் மேலோங்க வேண்டும், பின்பக்கத்தில் ரோ மேலோங்க வேண்டும். செல் முழுக்க ரேக் இயங்கினால் அது எல்லாப் பக்கமும் விரிந்து அப்பளமாகக் கிடக்குமே தவிர நகராது. செல் முழுக்க ரோ இயங்கினால் இருந்த இடத்திலேயே இறுகிவிடும். மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கிக் கசியும் கேவர்னஸ் குறைபாட்டில், கே.ஆர்.ஐ.டி-1 போன்ற மரபணுக்கள் பழுதாகி ரோ மட்டுமீறி இயங்குவது ஒரு முக்கியக் காரணமாகக் காணப்பட்டிருக்கிறது.

பதிக்கும் வேலையைச் செய்வது இன்டெக்ரின்கள். செல்லுக்கு வெளியே உள்ள ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் இழைகளை இவை பிடிக்கும். உள்பக்கத்தில் டாலின், வின்குலின் வழியாக ஆக்டினோடு இணையும். அந்த ஒட்டுப்புள்ளியில் எஃப்.ஏ.கே, சார்க் என்ற இரண்டு கைனேஸ்களும் சேர்ந்து, முன்னால் புதுப் புள்ளிகள் உருவாகவும் பின்னால் பழையவை கலையவும் வழிசெய்கின்றன. பிடி தளர்வாக இருந்தால் செல் வழுக்கும். மிக இறுக்கமாக இருந்தால் பின்பக்கத்தை விடுவிக்க முடியாது. நடுத்தரமான ஒட்டில்தான் வேகம் அதிகம்.

வேகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர்கள், அதாவது ஒரு மில்லிமீட்டர் போக ஒரு நாளுக்கு மேல் ஆகலாம்.

பக்கத்துச் செல்லை விடாமல் எப்படி நகர முடிகிறது?

எண்டோதீலியச் செல்களை வி.இ-கேடரின் என்ற புரதம் ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கிறது. நகரும்போது இந்தத் தையல் முழுதாகப் பிரிவதில்லை. ஓர் இடத்தில் கேடரின் உள்ளே இழுக்கப்படும், இன்னோர் இடத்தில் புதிதாக வந்து சேரும். செல்கள் பிடியை விடாமலே ஒன்றையொன்று கடந்துபோகின்றன. வி.இ.ஜி.எஃப் இந்தத் தளர்வைத் தூண்டுவதால்தான் அது இருக்கும் இடத்தில் குழாய் கசிகிறது, சுற்றிலும் வீக்கம் வருகிறது.

இவ்வளவுக்கும் சக்தி எங்கிருந்து கிடைக்கிறது?

பெரும்பாலும் கிளைகோலிசிஸ், அதாவது குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைக்கும் வழி. பக்கத்திலேயே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஓடினாலும் இந்தச் செல்கள் அதை அதிகம் நம்புவதில்லை. ஆக்சிஜன் இல்லாத திசுவுக்குள் போக வேண்டிய செல்லுக்கு இது பொருத்தம்தானே. பி.எஃப்.கே.எஃப்.பி-3 என்ற நொதியைத் தடுத்தால் நுனிச் செல்லின் நகர்வு தடுமாறுகிறது.

ரத்த ஓட்டத்தின் வேகத்தையும் இந்தச் செல்கள் உணருமா?

நன்றாகவே உணரும். ஓட்டம் சுவரை உரசும் விசையை வி.இ-கேடரின், பி.இ.கேம்-1, வி.இ.ஜி.எஃப் ஏற்பி-2 மூன்றும் சேர்ந்த கூட்டு ஒன்று உணர்கிறது. பீசோ-1 என்ற அயனி வாயிலும் உணர்கிறது. ஒழுங்கான ஓட்டத்தில் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, வரிசையாகி, அமைதியாகிவிடும். தமனி வளையும், கிளைபிரியும் இடங்களில் ஓட்டம் கலங்கும். அங்கே செல்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். கொழுப்புப் படிவு அந்த இடங்களிலேயே அதிகம் தொடங்குகிறது.

வலை புதிதாக உருவாகும்போது இன்னொன்றும் நடக்கிறது. செல்கள் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நகர்கின்றன. ஓட்டம் குறைந்த கிளையிலிருந்து ஓட்டம் அதிகமான கிளைக்குப் போய்ச் சேர்கின்றன. காலியான கிளை மறைந்துவிடும். எண்டோக்ளின் புரதம் பழுதானால் இந்த எதிர்நகர்வு கெடுகிறது. அதே மரபணு பழுதானவர்களுக்குத் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்து, அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பரம்பரை நோய் உண்டு.

நிறுத்தச் சொல்வது எது?

புதுக் கிளையில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் திசுவுக்கு ஆக்சிஜன் கிடைக்கும், வி.இ.ஜி.எஃப் குறையும். ரத்தத்தோடு வரும் எஸ்-1-பி என்ற கொழுப்பு மூலக்கூறு, தன் முதல் வகை ஏற்பி வழியாகச் செல்களின் இணைப்பை இறுக்கி, முளைப்பை அடக்குகிறது. நுனிச் செல் சுரக்கும் பி.டி.ஜி.எஃப்-பி பெரிசைட்களை அழைக்கிறது. அவை தரும் ஆஞ்சியோபோயட்டின்-1, டை-2 ஏற்பியைத் தொட்டுச் செல்லை அமைதிப்படுத்துகிறது.

சில இடங்களில் நகர்வு தொடங்கவே கூடாது. கண்ணின் கருவிழிப் படலம் தெளிவாக இருக்க ஒரு முக்கியக் காரணம் அங்கே ரத்தக்குழாய் இல்லாதது. அந்தத் திசு, வி.இ.ஜி.எஃப் ஏற்பி-1இன் கரையும் வடிவத்தைச் சுரந்து, அங்கு வரும் வி.இ.ஜி.எஃப்பை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஆய்வுக்கூடத்தில் இந்த நகர்வை எப்படி அளக்கிறார்கள்?

மிகப் பழகிய முறை கீறல் சோதனை. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் இடைவெளியே இல்லாமல் வளர்த்து, பிப்பெட்டின் பிளாஸ்டிக் நுனியால் ஒரு கோடு இழுப்பார்கள். உதிர்ந்த செல்களைக் கழுவியபின், நுண்ணோக்கிக் கேமரா சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுக்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே விளிம்புச் செல்கள் காலி இடத்தை நோக்கித் தட்டையான விளிம்புகளை நீட்டும். சில மணி நேரத்தில் செல்லுக்குள் இருக்கும் கோல்கி உறுப்பு, உட்கருவைத் தாண்டிக் கீறல் இருக்கும் பக்கமாக வந்துவிடும். செல் முன்பக்கம் எது என்று தீர்மானித்துவிட்டதற்கு அதுதான் தெளிவான அடையாளம். பிறகு வரிசை வரிசையாகச் செல்கள் நகர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளில் கீறல் மூடிவிடும்.

இந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பெரிய முடிவு சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கீறல் மூடியது நகர்வாலா, செல் பெருகியதாலா என்று பிரித்துப் பார்க்க, பிரிதலைத் தடுக்கும் மருந்து போட்டு ஒப்பிட வேண்டும். வி.இ.ஜி.எஃப்பின் ஏற்றத்தாழ்வும் ரத்த ஓட்டமும் அந்தத் தட்டில் இல்லை. அதனால்தான் ஒளிரும் ரத்தக்குழாய் கொண்ட வரிக்குதிரை மீன் குஞ்சுகளிலும் எலி விழித்திரையிலும் சரிபார்க்கிறார்கள்.

புற்றுநோய்க்கும் கண் நோய்க்கும் கொடுக்கும் வி.இ.ஜி.எஃப் எதிர்ப்பு மருந்து இதைத்தான் தடுக்கிறதா?

ஆம். கட்டி வளர ரத்தக்குழாய் வேண்டும், அதைத் தடுத்தால் கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார். வி.இ.ஜி.எஃப்பைப் பிடிக்கும் பெவசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. விழித்திரையின் நடுவில் குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகை மாகுலா சிதைவுக்கு ரானிபிசுமாப் 2006இல் வந்தது. கண்ணில் பலன் பெரிது, பலருக்குப் பார்வை காப்பாற்றப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் வீக்கத்துக்கும் இந்த வகை மருந்துகள் பயன்படுகின்றன. புற்றுநோயில் பலன் அந்த அளவுக்கு இல்லை. கட்டி வேறு சமிக்ஞைகளைப் பிடித்துக்கொள்கிறது.

உடல் முழுக்கப் போகும் மருந்து என்றால் விலையும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரில் புரதம் போகலாம், காயம் ஆறத் தாமதமாகும். அதனால் பெவசிசுமாபுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இடையில் குறைந்தது 28 நாட்கள் இடைவெளி விடுகிறார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் மாதக்கணக்கில் இரண்டு ரத்தஉறைவுத் தடுப்பு மாத்திரைகள் சாப்பிடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ஸ்டென்ட் விரியும்போது அந்த இடத்து எண்டோதீலியம் உரிந்துபோகும். பக்கத்துச் செல்கள் ஊர்ந்து வந்து உலோகத்தை மூட வேண்டும். மூடாத உலோகத்தில் ரத்தம் உறையும். ஸ்டென்ட்டில் பூசிய சிரோலிமஸ் போன்ற மருந்து, தசைச் செல்கள் பெருகிக் குழாய் மறுபடி சுருங்காமல் காக்கிறது. ஆனால் செல் வளர்ச்சியை நடத்தும் எம்-டார் பாதையை அது தடுப்பதால் எண்டோதீலியச் செல்களும் தாமதமாகின்றன. மூடும் வரை காப்பது மாத்திரைகள்தான். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் அவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

அப்படியானால் அடைபட்ட இதயத்துக்கு வி.இ.ஜி.எஃப் ஊசி போட்டால் புதுக் குழாய் வளர்ந்துவிடுமே?

முயன்று பார்த்தார்கள். விலங்குகளில் நம்பிக்கை தந்தது, மனிதரில் செய்த ஒப்பீட்டுச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. புரதமாகச் செலுத்தினால் சீக்கிரம் கரைந்துபோகிறது. ஏற்றத்தாழ்வு உருவாவதில்லை, குழாய் முதிர்ச்சி அடையும்வரை சமிக்ஞை நீடிப்பதும் இல்லை. மாறாக, எலித் தசையில் கட்டுப்பாடில்லாமல் நீண்ட நாள் சுரக்கவைத்தபோது, ஒழுங்கான தந்துகிகளுக்குப் பதிலாக வீங்கிய ரத்தக்குழாய்க் கட்டிகள் தோன்றின. சுரக்கும் மொத்த அளவு ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்து நல்ல குழாயோ கோணல் குழாயோ உருவானது. அதனால் இப்போது ஆராய்ச்சி, வி.இ.ஜி.எஃப்பை ஜெல்லில் ஒட்டிவைத்து மெதுவாக வெளிவிடுவது, பி.டி.ஜி.எஃப்-பியையும் சேர்த்துக் கொடுத்துப் பெரிசைட்களை வரவழைப்பது என்ற பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.